காரைக்கால்மேட்டுக் கரையும் அகலப்பட்டை அச்சு ஆன்டெனாவும்: ஒரு கணக்கின் வரலாறு

காரைக்கால் மாவட்டத்தின் மீனவ ஊர்களுள் ஒன்றான காரைக்கால்மேட்டிலிருந்து கடலுக்குப் போகும் படகுகளில் இரண்டு வகையான ஆன்டெனாக்களைக் காணலாம். முதலாவது, கரையோடும் பிற படகுகளோடும் பேசுவதற்கான வயர்லெஸ் கருவியின் நிமிர்ந்த கம்பி. கடல்சார் வயர்லெஸ் 156 மெகாஹெர்ட்சை ஒட்டிய அதிர்வெண்ணில் இயங்குவதாலும், அந்த அதிர்வெண்ணில் அலைநீளம் ஏறக்குறைய 1.9 மீட்டர் என்பதாலும், அதன் கால் பங்கான அரை மீட்டர் உயரத்துக்காவது அந்தக் கம்பி நிற்க வேண்டியிருக்கிறது. இரண்டாவது கண்ணில் படாதது. வலை போட்ட இடத்தையும் திரும்பும் வழியையும் காட்டும் ஜி.பி.எஸ். கருவிகள் பலவற்றின் மூடிக்குள், 25 மில்லிமீட்டர் சதுரமும் சில மில்லிமீட்டர் தடிமனும் உள்ள ஒரு பீங்கான் வில்லையின் மேல் வெள்ளிப் பூச்சாக அது படிந்திருக்கிறது. அச்சிட்ட ஆன்டெனா என்னும் குடும்பத்தின் மிகப் பரவலான உறுப்பினர்களுள் இந்த வில்லையும் ஒன்று. இக்குடும்பம் 1953இல் தொடங்கி, குறுகிய பட்டையிலிருந்து அகன்ற பட்டைக்கும், கத்தரியும் கைக்கணக்குமாக இருந்த நிலையிலிருந்து மின்காந்த மென்பொருளுக்கும் வந்து சேர்ந்த வரலாறே இக்கட்டுரையின் பொருள். அவ்வரலாற்றில் இந்திய ஆய்வகங்களுக்கு உரிய இடம், பொறியியல் பாடநூல்களில் வழக்கமாகத் தரப்படுவதைவிடப் பெரியது.

அச்சிட்ட ஆன்டெனாவின் அமைப்பு எளியது. மின்காப்புப் பலகை ஒன்றின் அடிப்பக்கம் முழுவதும் செம்புத் தகடு படிந்திருக்கும்; அது தரைத்தளம் எனப்படும். மேற்பக்கத்தில் செவ்வகமாகவோ வட்டமாகவோ ஒரு சிறு செம்புத் தகடு மட்டும் விடப்பட்டு, மீதிச் செம்பு அமிலத்தால் கரைத்து நீக்கப்படும். மின்னணுச் சுற்றுப் பலகைகளை உருவாக்கும் அதே அச்சு முறையால் இதுவும் உருவாவதால் அச்சிட்ட ஆன்டெனா என்ற பெயர் வந்தது. மேல் தகட்டின் நீளம், பலகைக்குள் பரவும் அலையின் நீளத்தில் பாதியாக இருக்கும்போது மின்புலம் இரு தளங்களுக்கிடையே ஒத்ததிர்ந்து, தகட்டின் இரு ஓரங்களிலும் வெளியே வழிந்து, அங்கிருந்து அலையாகக் கிளம்புகிறது. 2.4 கிகாஹெர்ட்சுக்கு, கண்ணாடியிழையும் எப்பாக்சிப் பிசினும் சேர்ந்த எஃப்.ஆர்-4 என்னும் மலிவான பலகையை 1.6 மில்லிமீட்டர் தடிமனில் எடுத்து, அதன் மின்காப்பு மாறிலியை 4.4 என்று கொண்டு கணக்கிட்டால், தகடு ஏறத்தாழ 38 மில்லிமீட்டர் அகலமும் 29.4 மில்லிமீட்டர் நீளமும் கொண்டதாக அமையும். வெற்றிடத்தில் 125 மில்லிமீட்டர் நீளமுள்ள அலையை உள்ளங்கையில் அடங்கும் தகடு ஒன்று கையாள்வதே இதன் சிறப்பு. இதன் குறையும் அதே அமைப்பிலிருந்து பிறப்பதுதான். இரு தளங்களும் மிக நெருங்கியிருப்பதால் ஆற்றல் வெளியேறுவதைவிட உள்ளேயே தேங்கி நிற்கிறது. தேங்கும் ஆற்றல் மிகுந்த எந்த அமைப்பும் தன் ஒத்ததிர்வு அதிர்வெண்ணுக்கு மட்டும் செவி சாய்க்கும். இதனால் எளிய தகடு ஒன்றின் பட்டை அகலம், அதாவது அது செவ்வையாக இயங்கும் அதிர்வெண்களின் பரப்பு, மைய அதிர்வெண்ணில் நூற்றுக்கு ஓரிரு பங்காகவே நின்றுவிடுகிறது.

இக்கருத்தை முதலில் முன்வைத்தவர் அமெரிக்காவில் பணியாற்றிய ஜார்ஜ் டேஷாம். அவர் 1953இல் விமானப்படை நடத்திய ஆன்டெனா மாநாடு ஒன்றில் இவ்வகை அச்சு ஆன்டெனாக்களை, நுண்பட்டை ஆன்டெனாக்கள் என்ற பெயரில், எடுத்துரைத்தார். இரண்டு ஆண்டுகளில், 1955இல், குட்டோன், பைசினோ என்னும் இருவர் பிரான்சில் தட்டை ஆன்டெனா ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றனர். 1954 நவம்பர் 1 அன்று காரைக்காலின் ஆட்சி பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து இந்தியாவுக்குக் கைமாறியது என்பதை நினைத்தால், இந்தக் கருத்தும் இந்த ஊரின் இன்றைய அரசியல் நிலையும் ஏறத்தாழ ஒரே வயதுடையவை எனலாம். ஆயினும் கருத்து பிறந்த பின் அது இருபது ஆண்டுகள் பயனின்றிக் கிடந்தது. ஆற்றலைக் குறைவாக விழுங்கும் நல்ல மின்காப்புப் பலகைகள் அக்காலத்தில் கிடைக்கவில்லை. குறுகிய பட்டையைப் பொறுத்துக்கொள்ளும் பயன்பாடும் எழவில்லை. விண்கலங்களும் ஏவுகணைகளும் பெருகி, உருளையான உடலின் மேல் காற்றை எதிர்க்காமல் ஒட்டிக் கிடக்கும் ஆன்டெனா தேவைப்பட்ட 1970களில்தான் ராபர்ட் மன்சன், ஜான் ஹோவெல் ஆகியோரின் கைகளில் அது செயல்படும் பொருளாயிற்று. மன்சனின் கட்டுரை 1974இலும் ஹோவெலின் கட்டுரை 1975இலும் வெளியாயின. 1979 அக்டோபரில் நியூ மெக்சிகோவில் அச்சு ஆன்டெனாக்களுக்கென்றே தனிப் பயிலரங்கு கூடியது.

அப்போதைய பொறியாளரிடம் இருந்த கருவிகள் சில சூத்திரங்களும் ஒரு கத்தரியுமே. தகட்டை ஒரு மின்தொடராகக் கருதி, இரு முனைகளிலும் கசிவைச் சேர்த்துக் கணக்கிடுவது ஒரு வழி. தகட்டுக்கும் தரைத்தளத்துக்கும் இடைப்பட்ட வெளியை நான்கு பக்கமும் காந்தச் சுவர் கொண்ட ஒரு பெட்டியாகக் கருதி, அதற்குள் நிற்கும் அலைகளைக் கூட்டுவது மற்றொரு வழி. பெட்டி மாதிரி எனப்படும் இந்த இரண்டாம் வழியை இல்லினாய் பல்கலைக்கழகத்தின் ஒய்.டி. லோவும் உடன் ஆய்வாளர்களும் 1979இல் வெளியிட்டனர். இரண்டும் தோராயங்கள்தாம். ஆனால் ஏன் இப்படி நடக்கிறது என்பதைச் சொல்லும் தோராயங்கள். எந்த ஓரம் கதிர்வீசுகிறது, எது வீசுவதில்லை, தகட்டுக்கு ஆற்றலை ஊட்டும் இடத்தை நகர்த்தினால் மின்தடை எப்படி மாறும் என்பவை அவற்றிலிருந்து நேராகத் தெரியவரும்.

இக்கட்டத்தில்தான் கான்பூர் வருகிறது. கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்துக்கு 1963இலேயே ஐ.பி.எம். 1620 கணினி வந்து சேர்ந்திருந்தது. இந்தியக் கல்வி நிறுவனங்களில் கணினியைப் பொறியியல் கணக்குக்குப் பழக்கிய இடங்களுள் அது முன்னணியில் நின்றது. அங்கே கே.சி. குப்தாவைச் சுற்றி உருவான நுண்ணலை ஆய்வுக் குழுவிலிருந்து, நுண்பட்டைத் தொடர்களைப் பற்றிக் குப்தா, ரமேஷ் கார்க், இந்தர் பால் எழுதிய நூல் 1979இலும், நுண்ணலைச் சுற்றுகளைக் கணினியால் வடிவமைப்பது குறித்துக் குப்தா, கார்க், ராகேஷ் சத்தா எழுதிய நூல் 1981இலும் வெளியாகி, உலகெங்கும் அத்துறையினரின் மேசைகளில் இடம்பிடித்தன. பெரிய உருவத்தை எளிய துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனியே கணக்கிட்டு, பின் ஒட்டுமிடங்களில் மின்னழுத்தமும் மின்னோட்டமும் பொருந்துமாறு இணைக்கும் துண்டாக்க முறை ஜப்பானின் ஒகோஷியும் அவர் குழுவும் 1970களில் வகுத்தது. அதன் மறுதலையாக, எளிய உருவம் ஒன்றிலிருந்து துண்டை நீக்கிக் கணக்கிடும் முறையைப் பி.சி. சர்மாவும் குப்தாவும் 1981இல் தந்தனர். குறைந்த கணினித் திறனைக் கொண்டு சிக்கலான உருவத்தைப் பிடிக்கும் இந்த வழிமுறை, பணக்கார ஆய்வகங்களின் பெருங்கணினிகளுக்கு ஈடாக இங்கே கிடைத்த அறிவுச் செல்வம் என்று கூறுவது மிகையாகாது.

பட்டையை அகலமாக்கும் முயற்சியில் துண்டாக்க முறை நேரடியாகப் பலன் தந்தது. குப்தாவிடம் ஆய்வு மாணவராக இருந்த கிரீஷ் குமார், ஊட்டப்படும் தகட்டின் ஓரங்களையொட்டி, சிறு இடைவெளி விட்டு, ஊட்டப்படாத தகடுகளை வைத்தார். நடுத்தகட்டின் புலம் இடைவெளியைத் தாண்டி அண்டைத் தகடுகளையும் எழுப்புகிறது. அவற்றின் நீளம் சற்றே வேறாக இருப்பதால் ஒவ்வொன்றும் சற்றே வேறான அதிர்வெண்ணில் ஒத்ததிர்கிறது. அடுத்தடுத்த ஒத்ததிர்வுகள் ஒன்றன் தோளில் மற்றொன்று சாய்ந்து, ஒரே அகன்ற பட்டையாகின்றன. கதிர்வீசும் ஓரங்களில் தகடுகளை வைத்த அமைப்பை விளக்கிய கட்டுரை 1984இலும், கதிர்வீசாத ஓரங்களிலும் நான்கு ஓரங்களிலும் வைத்த அமைப்புகளை விளக்கிய கட்டுரை 1985இலும் வெளியாயின. ஒற்றைத் தகட்டைப்போல் பல மடங்கு பட்டை அகலம் இவற்றால் கிடைத்தது. பலகையைத் தடிமனாக்கியோ ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியோ பெறும் அகலத்தை, உயரம் கூடாமல் ஒரே தளத்தில் பெற்றதே இதன் பெருமை. அதற்கு விலையாகப் பரப்பு கூடியது, அதிர்வெண் மாறும்போது கதிர்வீச்சின் திசையமைப்பும் ஓரளவு மாறியது.

இதற்கு இணையாக முற்றிலும் வேறான ஒரு மரபும் வளர்ந்தது. 1992இல் ஜப்பானின் சப்போரோவில் நடந்த மாநாட்டில், தரைத்தளத்தின் மேல் செங்குத்தாக நிற்கும் ஒரு வட்டத்தகடு, தன் கீழெல்லையைப்போல் எட்டு மடங்கு அதிர்வெண் வரை இயங்குவதை ஹோண்டாவும் உடன் ஆய்வாளர்களும் காட்டினர். கம்பியைத் தகடாக அகலப்படுத்தினால் மின்னோட்டத்துக்குப் பல நீளங்களில் வழி கிடைக்கிறது. எந்த அதிர்வெண்ணும் தனக்கேற்ற வழியைக் கண்டுகொள்கிறது. பம்பாய் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்துக்கு வந்துவிட்ட கிரீஷ் குமார், என்.பி. அகர்வால், சமீர் என்னும் நடுவண் அரசு நுண்ணலை ஆய்வு நிறுவனத்தின் கே.பி. ராய் ஆகிய மூவரும் 1998இல் வெளியிட்ட கட்டுரை இத்தகடுகளை வட்டம், நீள்வட்டம், சதுரம் எனப் பல உருவங்களில் அளந்து பார்த்தது. சற்றே நீண்ட நீள்வட்டத் தகடு 1.21 கிகாஹெர்ட்சிலிருந்து 13 கிகாஹெர்ட்சைத் தாண்டியும், ஊட்டிய ஆற்றல் பெரிதாகத் திரும்பாமல், அதாவது பொருத்தம் குலையாமல் இயங்கியது. அக்கட்டுரையின் நிலைத்த கொடை ஒரு சிறு சூத்திரம். தகட்டை அதே பரப்புள்ள தடித்த உருளையாக எண்ணி, உருளையின் உயரம், ஆரம், தரைத்தளத்துக்கும் தகட்டுக்கும் உள்ள இடைவெளி ஆகிய மூன்றையும் சென்டிமீட்டரில் கூட்டி, 7.2ஐ அத்தொகையால் வகுத்தால், பட்டையின் கீழெல்லை கிகாஹெர்ட்சில் கிடைத்துவிடும்.

மென்பொருளின் வரலாறு இதே ஆண்டுகளில் வேறொரு தடத்தில் ஓடியது. மேக்ஸ்வெல்லின் சமன்பாடுகள் 19ஆம் நூற்றாண்டிலேயே நிறைவுற்றிருந்தாலும், கையால் தீர்க்கத்தக்க உருவங்கள் மிகச் சில. 1966இல் கேன் யீ, வெளியைச் சிறு பெட்டிகளாக அறுத்து, ஒவ்வொரு பெட்டியின் விளிம்புகளில் மின்புலத்தையும் முகங்களில் காந்தப்புலத்தையும் வைத்து, காலத்தைச் சிறு அடிகளாக நகர்த்தி, ஒன்றிலிருந்து மற்றொன்றை மாறி மாறிக் கணக்கிடும் முறையைத் தந்தார். 1968இல் ராஜர் ஹாரிங்டன், உலோகத்தின் மேல் ஓடும் மின்னோட்டத்தை மட்டும் தெரியாத அளவாகக் கொண்டு தீர்க்கும் திருப்புத்திறன் முறையை நூலாக்கினார். 1977இல் தாமஸ் வைலாண்ட் வகுத்த தொகையீட்டு முறை, யீயின் பெட்டிகளை வேறொரு கணித வாயில் வழியாக அடைந்தது. கட்டமைப்புப் பொறியியலிலிருந்து வந்த முடிவுறு கூறு முறை, நான்முகத் துண்டுகளைக் கொண்டு வளைந்த உருவங்களை நன்றாகப் பிடித்தது. இவை ஆய்வகத்தை விட்டுச் சந்தைக்கு வந்தது 1990களில்: சோல்டன் செண்டெஸின் அன்சாஃப்ட் நிறுவனம் முடிவுறு கூறு முறையில் அமைத்த எச்.எஃப்.எஸ்.எஸ். 1990இல் வந்தது, வைலாண்டின் முறையை மென்பொருளாக்கிய சி.எஸ்.டி. நிறுவனம் 1992இல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டில் தொடங்கியது. திருப்புத்திறன் முறையில் இயங்கிய ஐ.இ.3டி. என்னும் மென்பொருளும் அதே காலத்தது. கிரீஷ் குமாரும் ராயும் 2003இல் வெளியிட்ட அகலப்பட்டை நுண்பட்டை ஆன்டெனாக்கள் பற்றிய நூலில் இந்த ஐ.இ.3டி.யின் முடிவுகள் பெரும் பங்கு வகிக்கின்றன.

அச்சு ஆன்டெனாவைப் பெட்டிகளாக அறுத்துக் கணக்கிட்ட தொடக்க முயற்சிகளுள் 1990இல் ஷீனும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்டது இன்றும் புதிய நிரல்களுக்கு உரைகல்லாகப் பயன்படுகிறது. 12.45 மில்லிமீட்டருக்கு 16 மில்லிமீட்டர் அளவுள்ள தகடு, 0.794 மில்லிமீட்டர் தடிமனான பலகை, 60க்கு 100க்கு 16 என்ற பெட்டிக் கணக்கு. ஆக 96,000 பெட்டிகள். பலகையின் தடிமனுக்குள் சரியாக மூன்று பெட்டிகள் அடங்குமாறு பெட்டியின் உயரம் 0.265 மில்லிமீட்டராகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. அத்தகடு 7.5 கிகாஹெர்ட்சை ஒட்டி ஒத்ததிர்வதைக் கணக்கும் அளவீடும் ஒருசேரக் காட்டின. கணக்குப் பெட்டியின் வெளிச்சுவரில் அலை எதிரொலித்துத் திரும்பி முடிவைக் கெடுக்கும் இடர் அப்போது பெருந்தலைவலி. 1994இல் பெரஞ்சே தந்த, அலையை எதிரொலியின்றி விழுங்கும் கற்பனை அடுக்கு அதைப் பெருமளவு தீர்த்தது.

2002 பிப்ரவரியில் அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் 3.1 முதல் 10.6 கிகாஹெர்ட்ஸ் வரையிலான பரப்பை, மிகக் குறைந்த திறனில், உரிமமின்றிப் பயன்படுத்த விட்டது. செங்குத்துத் தகட்டைப் பலகையில் படுக்க வைத்து, தரைத்தளத்தைத் தகட்டின் அடியில் நீட்டாமல் பலகையின் கீழ்ப்பகுதியோடு நிறுத்திவிட்டால் அதே அகலப்பட்டை அச்சில் கிடைக்கும் என்பது விரைவில் தெரிந்தது. லண்டன் குயின் மேரி கல்லூரியின் லியாங்கும் குழுவினரும் 2005இல் வெளியிட்ட வட்டத்தகட்டு ஆய்வு இவ்வகையில் முன்மாதிரியாயிற்று: 10 மில்லிமீட்டர் ஆரமுள்ள வட்டம், தரைத்தளத்திலிருந்து 0.3 மில்லிமீட்டர் இடைவெளி, சி.எஸ்.டி. மென்பொருளில் கணக்கு. இந்த அளவுகளை மேற்சொன்ன இந்தியச் சூத்திரத்தில் இட்டால், உயரம் 2 சென்டிமீட்டர், உருளையின் ஆரம் 0.25, இடைவெளி 0.03, கீழெல்லை 3.16 கிகாஹெர்ட்ஸ். அது காற்றில் நிற்கும் தகட்டுக்கானது. பலகை அலையைச் சுருக்குவதைக் கணக்கிலெடுக்க, ராய் 2008இல் எஃப்.ஆர்-4 பலகைக்குத் தந்த 1.15 என்னும் திருத்தக் காரணியால் வகுத்தால் 2.75 வருகிறது. மென்பொருள் கணக்கும் அளவீடும் தரும் விடைகள் இதையொட்டியே அமைகின்றன. மென்பொருளைத் திறக்கும் முன் இந்த ஒரு வரிக் கணக்கைப் போட்டுப் பார்க்காத மாணவர், பின்னர் திரையில் வரும் வளைகோடு சரியா பிழையா என்று அறிய வழியின்றி நிற்பார் என்பதே இவ்வரலாற்றை விரிவாகக் கூற வேண்டியதன் காரணம்.

மாதிரி அமைக்கும் பணியில் உண்மையான கவனம் செல்ல வேண்டிய இடங்கள் சில. இத்தகைய தகட்டில் பட்டையின் மேற்பகுதியை ஆள்வது வட்டத்துக்கும் தரைத்தளத்துக்கும் இடைப்பட்ட அந்த 0.3 மில்லிமீட்டர் இடுக்கு. அங்கே மின்புலம் செறிந்திருப்பதால், பெட்டிகள் அவ்விடத்தில் மிகச் சிறியவையாக இருக்க வேண்டும். இல்லையேல் பொருத்தம் தவறாகக் காட்டப்படும். பெட்டிகளை ஒருமுறை மேலும் சிறிதாக்கிக் கணக்கை மீண்டும் ஓட்டி, விடை நகரவில்லை என்று உறுதி செய்வது ஒருங்கல் சோதனை எனப்படும். அதைச் செய்யாத கணக்கை நம்புவதற்கில்லை. அடுத்தது பொருள். எஃப்.ஆர்-4 பலகையின் மின்காப்பு மாறிலி தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறுவது, அதிர்வெண் ஏற ஏறக் குறைவது, இழப்பும் கணிசமானது. 3 முதல் 10 கிகாஹெர்ட்ஸ் வரை ஒரே எண்ணை இட்டுவிட்டு, அளவீடு ஒத்துவரவில்லை என்று வருந்துவதில் பயனில்லை. இழப்பு மிகுந்த பலகை எதிரொலிப்பைக் குறைத்துக் காட்டுவதால் பட்டை அகன்றதுபோல் தோன்றும் என்பதும், அவ்வாறு உள்வாங்கப்பட்ட ஆற்றல் வெளியே செல்லாமல் வெப்பமாகிறது என்பதும் மறக்கத்தகாதவை. பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஆற்றல் திரும்பக் கூடாது என்னும் வழக்கமான அளவுகோல் மட்டும் போதாது; வெளிப்படும் திறனின் பங்கையும் திசையமைப்பையும் பார்த்த பின்னரே ஓர் ஆன்டெனாவை அகலப்பட்டை என்று கூறுவது முறை. இன்னொன்று, சிறிய தரைத்தளம் கொண்ட இவ்வகையில், அளக்கும்போது இணைக்கப்படும் கேபிளின் வெளிப்பரப்பிலும் மின்னோட்டம் ஓடி, கேபிளே ஆன்டெனாவின் பகுதியாகிவிடுகிறது. பட்டையின் கீழ்ப்பகுதியில் கணக்கும் அளவீடும் பிரிவது பெரும்பாலும் இதனால்தான். இணைப்பானையும் சிறிது நீளக் கேபிளையும் மாதிரிக்குள் சேர்த்தால் இரண்டும் நெருங்கிவரும்.

தமிழ் நிலத்தில் இத்துறைக்கு இடங்கள் இல்லாமலில்லை. சமீர் நிறுவனத்தின் மின்காந்தவியல் மையம் சென்னைத் தரமணியில் இயங்குகிறது. காரைக்கால்மேட்டுக்கு வடக்கே, அதே கடற்கரையில், திருவேட்டக்குடியில் 2010இல் நிறுவப்பட்ட புதுச்சேரி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தின் வளாகம் இருக்கிறது. மின்னணு, தகவல்தொடர்புப் பொறியியல் அங்கே ஒரு துறை. வணிக மென்பொருள்களின் விலை சிறு கல்லூரிகளுக்கு எட்டாததாக இருந்தாலும், யீயின் முறையில் இயங்கும் ஓப்பன்இ.எம்.எஸ். போன்ற கட்டற்ற மென்பொருள்கள் இன்று வீட்டுக் கணினியிலேயே ஷீனின் 96,000 பெட்டிகளை எளிதாக ஓட்டிவிடுகின்றன.

கடலுக்குச் செல்வோரின் தேவை இக்கணக்கைப் புதிய இடத்துக்குத் தள்ளியிருக்கிறது. 2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலையில் காரைக்கால்மேடு பெரும் உயிரிழப்பைக் கண்டது. 2017 இறுதியில் ஓக்கி புயல் தென்கோடிக் கடலில் இருந்த மீனவர்களை எச்சரிக்கை எட்டாத தொலைவில் பிடித்தது. அலைபேசிக் கோபுரங்களின் எல்லைக்கு அப்பால், ககன் என்னும் இந்திய வழிகாட்டு அமைப்பின் செயற்கைக்கோள்கள் வழியாக எச்சரிக்கையைப் படகுக்குக் கொண்டுசேர்க்கும் ஜெமினி என்னும் கருவி 2019இல் அறிமுகமாயிற்று. 13 கடலோர மாநிலங்களிலும் ஒன்றியப் பகுதிகளிலும் 1 லட்சம் படகுகளில், செய்தியை அனுப்பவும் பெறவும் உதவும் டிரான்ஸ்பாண்டர் கருவியைப் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது. படகின் இடத்தை அறிய ஜி.பி.எஸ். போலவே உதவும் இந்தியாவின் நாவிக் செயற்கைக்கோள் அமைப்பு முதலில் 1176.45 மெகாஹெர்ட்சிலும் 2492.028 மெகாஹெர்ட்சிலும் ஒலிபரப்பியது. 2023 மே மாதம் ஏவப்பட்ட என்.வி.எஸ்.-01 செயற்கைக்கோளிலிருந்து, ஜி.பி.எஸ். பயன்படுத்தும் 1575.42 மெகாஹெர்ட்சும் சேர்ந்துகொண்டது. கீழிரண்டு அதிர்வெண்களையும் ஒரே தொடர்பட்டையில் அடக்க வேண்டுமானால் மையத்தில் நூற்றுக்கு 29 பங்கு அகலம் வேண்டும்; கட்டுரையின் தொடக்கத்தில் கூறிய பீங்கான் வில்லையால் அது இயலாது. அடுக்குத் தகடோ, இடைவெளியால் இணைந்த தகடுகளோ, வேறு அகலப்பட்டை அமைப்போ தேவை.

அத்தகைய ஆன்டெனாவை மாதிரியாக்கும்போது ஆய்வகப் பலகையோடு நிறுத்திக்கொள்ள முடியாது. ஃபைபர் படகின் உடல் கண்ணாடியிழையாலும் பிசினாலும் ஆனது, உலோகம் அல்ல, ஆகவே கப்பலில் கிடைப்பதுபோன்ற பெரிய தரைத்தளம் படகில் கிடைப்பதில்லை, கருவியின் சொந்தத் தரைத்தளமே முழுப் பொறுப்பையும் ஏற்கிறது. கீழே கிடக்கும் கடல்நீர், மின்காப்பு மாறிலி 70க்கு மேலும், கடத்துதிறன் மீட்டருக்கு 4 சீமென்சை ஒட்டியும் உள்ள ஊடகம். அது அலையைத் திருப்பி அனுப்பி, நேரே வரும் அலையோடு மோதவிடுகிறது. மூடியின் மேல் படியும் உப்புநீர்ப் படலம் ஒரு மில்லிமீட்டருக்கும் மெல்லியதாக இருந்தாலும், அதன் உயர்ந்த மாறிலி ஒத்ததிர்வைக் கீழே இழுக்கிறது, கடத்துதிறன் ஆற்றலை உறிஞ்சுகிறது. குறுகிய பட்டை கொண்ட தகடு இவ்விழுப்பில் தன் அதிர்வெண்ணையே தவறவிடக்கூடும். அகன்ற பட்டை கொண்டது நகர்ந்த பின்னும் தேவையான அதிர்வெண்ணைத் தன் எல்லைக்குள் வைத்திருக்கும். உலர்ந்த மூடி, நனைந்த மூடி, நீரிலிருந்து ஒரு மீட்டர் உயரம், இரு மீட்டர் உயரம் என இந்நிலைகளை ஒவ்வொன்றாக மென்பொருளில் ஓட்டி, பின் காரைக்கால் மீன்பிடித் துறைமுகத்தில் நிற்கும் படகொன்றிலேயே அளந்து ஒப்பிடுவது, திருவேட்டக்குடியின் மாணவர் குழு ஒன்று ஓர் ஆண்டுக்குள் முடிக்கத்தக்க அளவிலான பணி.